காயம் பெரிதா, அடைப்பு பெரிதா?

அப்பாவுக்கு இதயத்தில் 3 அடைப்பு. பைபாஸ் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "கீஹோல்ல பண்ண முடியாதா டாக்டர்?"

அவர் பொறுமையாக விளக்கினார். வழக்கமான பைபாஸில் நெஞ்செலும்பை நடுவே பிளப்பார்கள். அது கூடிவர 2, 3 மாதம் ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்கக்கூடாது. கீஹோலில் விலா எலும்புகளுக்கு நடுவே சில அங்குலம் கீறினால் போதும். வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். ஆனால், உள்ளே நடப்பது ஒன்றுதான்: அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட மாற்றுப்பாதை தைப்பது.

"முன்பக்கக் குழாயில் மட்டும் அடைப்புன்னா கீஹோல் தோதா இருக்கும். உங்களுக்குப் பின்பக்கமும் இருக்கு. சிலர் அதையும் கீஹோல்ல பண்றாங்க. என் கைக்குத் திறந்து பண்றதுதான் பத்திரம்."

அம்மா தயங்கினார். அப்பாதான், "தழும்பு சட்டைக்குள்ளதானே இருக்கப்போகுது" என்று முடித்துவைத்தார்.

பல வாரம், இருமல் வந்தாலே தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். இப்போது காலையில் என்னைவிட வேகமாக நடக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால், "காயம் எவ்வளவு?" என்பதற்கு முன்னால் இரண்டைக் கேளுங்கள்: அடைப்பு எத்தனை, எங்கே? இந்த முறையில் உங்களுக்கு எவ்வளவு அனுபவம் டாக்டர்?