நிகழ்தகவும் நடுவுநிலையும்

உலகில் நிகழ்வன யாவும் காரணமின்றி நிகழ்வன அல்ல என்பது சைவ நூல்களின் துணிபு. எனினும், காரணம் அனைத்தையும் ஒருங்கே காணும் முற்றறிவு முதல்வன் ஒருவனுக்கே உரியது. உயிர்களோ சிற்றறிவின. ஆகலின், நாளை நிகழ்வது இதுவோ அதுவோ என ஐயுற்று நிற்றல் மக்கட்கு இயல்பாயிற்று. அவ்வையத்தை ஆசையாலும் அச்சத்தாலும் அளவாது எண்ணால் அளக்கப் புகுந்த கணக்கே நிகழ்தகவு எனப்படுவது. அதனை முதன்முதற் கற்கப் புகுந்த மாணாக்கன் ஒருவனுக்கு அக்கணக்கு வீட்டளவிலும் பயன்பட்ட வரலாறு ஈண்டுக் கூறப்படுகின்றது.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-ஆம் ஆண்டிற் கல்லூரி நிறுவியதனால், வணிகத்தாற் பெயர்பெற்ற செட்டிநாட்டிற் காரைக்குடி கல்வியாலும் பெயர்பெறுவதாயிற்று. கணித மேதை இராமானுசர் பெயரால் 1950-ஆம் ஆண்டிற் சென்னையிற் கணித ஆராய்ச்சி நிலையம் கண்டவரும் அவ்வள்ளலே. காரைக்குடியிலுள்ள கல்லூரிகளுள் ஒன்றிலேயே அம்மாணாக்கன் புள்ளியியல் தொடக்க வகுப்பிற் சேர்ந்தான்.

முதல்நாட் பாடத்தில் ஆசிரியர் இரண்டு காசுகளை எடுத்துக் காட்டி, "இவற்றை ஒருங்கே சுண்டினால் ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழும் தகவு யாது?" என்று வினவினார். "இரண்டும் பூ, இரண்டும் தலை, ஒன்று பூ ஒன்று தலை என நிகழ்ச்சி மூன்று, ஆகவே மூன்றில் ஒரு பங்கு" என்றான் மாணாக்கன். ஆசிரியர் கரும்பலகையிற் பூ-பூ, பூ-தலை, தலை-பூ, தலை-தலை என நான்கினையும் எழுதி, நடுவிலுள்ள இரண்டும் வேறு வேறு நிகழ்ச்சிகளே என்றும், ஆதலின் விடை சரிபாதி என்றும் காட்டினார். பின்னர், "நாணவேண்டா. பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் தாலம்பேர், 1754-ஆம் ஆண்டில், இரண்டு சுண்டல்களில் ஒரு தலையேனும் விழும் தகவு மூன்றில் இரண்டு என்று எழுதினார். நான்கில் மூன்று என்பதே சரி. எண்ணவேண்டியவற்றைச் சரியாக எண்ணுதலே இக்கலையின் முதற்படி. நம் சென்னை மாநிலக் கல்லூரியிற் புள்ளியியல் பயின்ற சீனிவாச வரதன், நிகழ்தகவு ஆராய்ச்சிக்காகவே 2007-ஆம் ஆண்டின் ஏபெல் பரிசு பெற்றார். அவரும் இப்படியில் ஏறிச் சென்றவரே" என்றார்.

அடுத்த வினா எளிதாகத் தோன்றிற்று. ஒரு காசு தொடர்ந்து ஐந்து முறை தலையாக விழுந்தது; ஆறாம் முறை விழுவது யாது? "பூ விழவேண்டிய முறை வந்துவிட்டது" என்றான் மாணாக்கன். "காசுக்கு நினைவு உண்டோ? தான் முன் விழுந்த விதத்தை அஃது எங்கே எழுதி வைத்திருக்கின்றது?" என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பு நகைத்தது. மாணாக்கன் நகைத்திலன். அச்சொல் அவன் வீட்டு நிலைமையை நினைப்பித்தது.

அவன் தமையனுக்கு மூன்றும் பெண்மக்கள். தமையன் மனைவி நான்காம் முறை கருவுற்றிருந்தாள். வளவில் அமர்ந்து சோழி உருட்டும் அப்பத்தா, "மூன்று பெண் ஆயிற்று, இனி ஆண் பிறந்தே தீரவேண்டும்" என்று வருவார் போவாரிடமெல்லாம் கூறி வந்தார். அச்சொல் வாழ்த்துப்போல் ஒலித்தது. ஆயினும் அவ்வாறு பிறவாதொழியின் பழி முழுவதும் அப்பெண்மேல் விழும் என்பதை அவளும் அறிவாள். இரண்டாங்கட்டில் தலைகவிழ்ந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்றிரவு மாணாக்கன் கணக்கிட்டான். பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி. நுட்பமாகக் கூறின் நூறு பெண்ணுக்கு நூற்றைந்து ஆண் என்ற அளவு. மூன்று மகவும் பெண்ணாதல் எட்டு வீட்டில் ஒரு வீட்டில் நிகழத்தக்கது; அஃது அரிதன்று. நான்காம் மகவுக்கோ முன்னைய மூன்றும் பொருட்டல்ல. அதன் தகவு முன்போற் பாதியே. மேலும், மகவு ஆணாவதும் பெண்ணாவதும் தந்தையின் வித்தைப் பொறுத்தன என்பது, 1905-ஆம் ஆண்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையார் வண்டினத்தை ஆராய்ந்து வெளியிட்டதன் வழியே தெளிவுற்ற செய்தி. தாயைப் பழித்தற்கு இடமேயில்லை.

மறுநாள் அவன் அப்பத்தாவின் சோழியொன்றை வாங்கி, பேரேட்டில் வரவு செலவு எழுதுமாப்போல, வாய் மேலாக விழுந்ததையும் முதுகு மேலாக விழுந்ததையும் எழுதி வந்தான். சோழி காசுபோல் இருபுறமும் ஒத்ததன்று. ஆகலின் அதன் தகவு பாதி என்று முன்னரே கொள்ளலாகாது. பலமுறை உருட்டி அறிதலே வழி. மூன்று முறை வாய் விழுந்தபின் நான்காவது என்ன விழுந்தது என்பதை மட்டும் தனியே குறித்தான். அங்கும் வாய் விழும் அளவு வழக்கம்போலவே இருந்தது. "அப்பத்தா, சோழி பழைய கணக்கைப் பார்ப்பதில்லை" என்றான். "பின்னே, நாளடைவிற் சரியாகிவிடும் என்கிறார்களே?" என்றார் அவர். மாணாக்கன் விளக்கினான்: இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கிற் சிறைக்காவலில் இருந்த கெர்ரிக் என்னும் கணித அறிஞர் ஒரு காசைப் பதினாயிரம் முறை சுண்டுவித்துக் குறித்தார், தலை விழுந்தது 5,067 முறை. பங்கு பாதியை அணுகியது மெய். எனினும், காசு பழைய கடனைத் தீர்த்ததனால் அன்று. புதிய வரவு பெருகப் பெருகப் பழைய மிகுதி சிறுத்துத் தோன்றியதனால். கொண்டு விற்ற குடியிற் பிறந்த அப்பத்தாவுக்கு இவ்வுவமை விளங்கிற்று. ஆயினும் அவர் மனம் அமைதியுறவில்லை. திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்கவேண்டும் என்று ஓதுவாரை அழைப்பித்தார்.

ஓதுவார் முதியவர். அவர் கூறியது இது: "ஆச்சி, அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் ஆசிரியரை அடைந்தபோது திருமுறையிற் கயிறு சாத்தினார்கள், திருவெண்காட்டுத் திருப்பதிகம் வந்தது, அங்குச் சென்று நீராடி வழிபட்டார், மெய்கண்டார் அவதரித்தார் என்பது நம் மரபு. களப்பாளர், பிறப்பது இதுவோ அதுவோ என்று முன்னறிந்துகொள்ளக் கயிறு சாத்தினாரல்லர். தாம் செய்யத்தக்கது யாது என்றே பணிந்து வினவினார். தாங்கள் வினவ விரும்புவது எது?" அப்பத்தா நெடுநேரம் வாய்திறவாதிருந்து, பின், "கயிறு வேண்டா, ஒரு பதிகம் ஓதிச் செல்லுங்கள்" என்றார்.

இதனைக் கேட்டிருந்த மாணாக்கனுக்குக் கல்லூரியிற் பின்னர் நடந்த பாடமொன்று எளிதிற் புலனாயிற்று. பலருள் சிலரைத் தெரிந்தெடுத்து ஆராயுங்கால், ஆராய்வோன் தன் விருப்பின்படி எடுத்தலாகாது. சமவாய்ப்பாக, குலுக்கல் முறையில் எடுத்தல் வேண்டும் என்பது அப்பாடம். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளின, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளுக்கும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டே எடுப்பித்தனர். எடுப்பவனது விருப்பு வெறுப்பு உள்ளே நுழையாமைப் பொருட்டே அஃது. களப்பாளர் கயிற்றின்முன் தம் விருப்பத்தை விட்டதும், அச்சிறுவன் கை நீட்டியதும், புள்ளியியலார் குலுக்கி எடுப்பதும் நோக்கத்தால் வேறுபட்டனவாயினும், 'யான்' என்னும் முனைப்பை ஒதுக்குதலில் ஒத்தன என்பது அவனுக்குத் தோன்றிற்று.

உரிய நாளில் நான்காம் மகவும் பெண்ணாகவே பிறந்தது. வீட்டார் அப்பத்தாவின் முகத்தை நோக்கினர். அவர் பேரனை நோக்கி, "சோழிக்குப் பழைய கடன் இல்லை என்றாயே, அப்பா; இவள் தாய்க்கும் நம்மிடம் கடன் ஒன்றும் இல்லை" என்று கூறி, குழந்தையை வாங்கித் தம் கையாலேயே சேனை தொட்டு வைத்தார். இரண்டாங்கட்டில் அன்று அழுகையொலி ஒன்று கேட்டது. அது துயரத்தால் எழுந்ததன்று.

நிகழ்தகவு வினையை மறுப்பதன்று, நாட்டுவதுமன்று. பலவற்றின் போக்கினை அது கூறும். இவ்வுயிர் இவ்வீட்டிற்கு வந்தது ஏன் என்னும் வினாவுக்கு அதனிடம் விடை இல்லை. இல்லை என்பதை ஒளியாது ஒப்புக்கொள்வதே அதன் நேர்மை. தன் அறிவின் எல்லையை அளந்தறிந்தவன் பிறர்மேற் பழி சுமத்த அஞ்சுவான். எல்லை கடந்து நிற்கும் முதல்வனை வணங்குதற்கும் அவ்வடக்கமே துணையாகும்.