நான்கு சென்டிமீட்டர் தாமதம்

என்னிடம் கொடுத்த கண்ணாடிச் சில்லு இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். உள்ளே ஒரு தங்கக் கோடு ஜிலேபி மாதிரி சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போய், பக்கத்திலேயே இணையாகச் சுற்றி வெளியே வந்தது. “நீட்டிப் பிடித்தால் நாலு சென்டிமீட்டர். நீளம் அப்படியேதான் இருக்கும், அலை அதைக் கடக்க எடுக்கும் நேரத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம்” என்றார் அதை வடிவமைத்த ஆய்வு மாணவர்.

ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் அது. இந்த வேலை இந்த ஊரில் நடப்பதற்குக் காரணம் உண்டு. மின்பொறியியலுக்கென்று உலகில் முதன்முதலாகப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது இங்கேதான், 1882-இல். திரவப் படிகத்தை 1888-இல் பிராக் நகரில் கண்டவர் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர். அதை 1904 முதலே விற்பனைக்கு வைத்திருந்த மெர்க் நிறுவனத்தின் தலைமையகம் இதே டார்ம்ஷ்டாட். கால்குலேட்டரிலும் டிவி திரையிலும் நாம் பார்த்துப் பழகிய சரக்கு, இங்கே ஆன்டெனாவுக்குள் போகிறது.

எதற்கு? 30 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1 செ.மீ. அரை செ.மீ. இடைவெளியில் சின்னச் சின்ன ஆன்டெனாக்களை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சிக்னல் கொடுத்தால் கற்றை நேராகப் போகும். 30 டிகிரி சாய்க்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் தன் பக்கத்து ஆன்டெனாவைவிட 8.3 பிக்கோ நொடி பிந்த வேண்டும். ஒளி இரண்டரை மில்லிமீட்டர் நகரும் நேரம் அது. கற்றையை இப்படிச் சாய்க்க முடிந்தால், செயற்கைக்கோள் நகர நகர ஆன்டெனாத் தட்டைத் திருப்பிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு இனி வேலையில்லை.

அந்தப் பிந்துதலைத் தருவது திரவப் படிகம். அதன் மூலக்கூறுகள் குச்சி வடிவம். மின்னழுத்தம் இல்லாதபோது கண்ணாடியோடு ஒட்டிப் படுத்திருக்கும். கொடுத்தால் எழுந்து நிற்கும். மைக்ரோவேவுக்கென்றே மெர்க் தயாரித்த ஜிடி3-23001 என்ற கலவையில், படுத்த நிலையில் மின்காப்பு மாறிலி 2.46, நின்ற நிலையில் 3.28. மாறிலி கூடினால் அலை மெதுவாகும். இந்த இரண்டு எண்களின் வர்க்கமூல வித்தியாசம் 0.24 சொச்சம். ஆக 30 கிகாஹெர்ட்ஸில் ஒரு முழு அலைநீளத் தாமதம் வேண்டுமானால் கோடு 41 மில்லிமீட்டர் நீளம் இருந்தாக வேண்டும். ஜிலேபியின் கணக்கு இதுதான்.

இதுவரை பாடப்புத்தகம். சிக்கல் தடிமனில் ஆரம்பிக்கிறது. என் கையிலிருந்த சில்லில் திரவப் படிகத்தின் கனம் 100 மைக்ரான். மின்னழுத்தம் கொடுத்ததும் மூலக்கூறுகள் எழுந்துவிடும். நிறுத்தினால் தாமாகத்தான் படுக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரம் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 100 மைக்ரானில் கிட்டத்தட்ட அரை நிமிடம். கற்றை ஒரு பக்கம் சட்டென்று சாய்ந்துவிட்டுத் திரும்பி வர அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் யாருக்கும் பயனில்லை. கனத்தை 4 மைக்ரானாகக் குறைத்தால் அதே வேலை 0.05 நொடியில் முடிந்துவிடும்.

“அப்படியானால் குறைத்துவிட வேண்டியதுதானே?” என்றேன். மாணவர் சிரித்தார். கனம் குறைந்தால், மின்மறுப்பு 50 ஓமிலேயே நிற்க, கோட்டின் அகலமும் கூடவே குறைய வேண்டும். 100 மைக்ரானுக்கு 260 மைக்ரான் அகலம் என்றால், 4 மைக்ரானுக்கு வெறும் 10. அவ்வளவு ஒல்லியான கோட்டில் நாலு சென்டிமீட்டர் போவதற்குள் தங்கமே சிக்னலைத் தின்றுவிடும்; மறுமுனையில் சொல்லும்படியாக ஒன்றும் மிஞ்சாது. வேகம் கேட்டால் இழப்பு, இழப்பைக் குறைத்தால் மந்தம்.

இதற்கு இத்துறையில் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அலையைத் திரவப் படிகத்துக்குள் நடத்துவதே இல்லை. அகலமான கோடு ஒன்று கண்ணாடியின் மேலே போகிறது. அதன் நெடுக, சீரான இடைவெளியில், எதிர்க் கண்ணாடியிலுள்ள குட்டி உலோகத் திட்டுகள் கோட்டின் மேல் கவிந்து நிற்கின்றன. கோட்டுக்கும் திட்டுக்கும் நடுவே மட்டும்தான் நாலைந்து மைக்ரான் திரவப் படிகம்; ஒவ்வொரு திட்டும் ஒரு மின்தேக்கி. அலை கண்ணாடியில் பயணிக்கிறது, மின்தேக்கிகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன.

ஆனால் மின்தேக்கியின் மதிப்பு இடுக்கைப் பொறுத்தது. இடுக்கு பத்து சதவீதம் பிசகினால் அதுவும் பத்து சதவீதம் பிசகும். எனவே திரையில் வரைந்தவரின் கெட்டிக்காரத்தனமெல்லாம் கிளீன் ரூமில் கண்ணாடி ஒட்டுகிறவரின் கையில் வந்து முடிகிறது. அங்கே இருந்தது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பாலிஇமைடு பூசிச் சுட்ட கண்ணாடியை வெல்வெட் சுற்றிய உருளையின் அடியில், ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில் விட்டு எடுத்தார். மூலக்கூறுகள் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்பதை அந்தத் தேய்ப்பு தீர்மானிக்கிறது. கண்ணுக்கு ஒரு தடயமும் தெரியவில்லை. பிறகு இடுக்கைத் தாங்கும் ஸ்பேசர் உருண்டைகள், ஓரத்தில் பசை, மேலே இரண்டாவது கண்ணாடி.

ஒட்டிய காலிக் கூட்டைச் சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உலோகம் மறைக்காத இடங்களில் கருப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள். ஒரு கருப்புக்கும் அடுத்த கருப்புக்கும் இடுக்கு வித்தியாசம் 0.3 மைக்ரான். ஒரு மூலையில் பட்டைகள் நெருக்கியடித்து வளையமாக நின்றன. “தூசி” என்று சொல்லி, அதைத் தனியே ஒதுக்கி வைத்தார். அடுத்ததில் ஒரே பட்டை, அதுவும் அகலமாக. அதைத்தான் சூடாக்கி, ஓரத்தில் ஒரு சொட்டு திரவப் படிகம் வைத்தார். பால் நிறச் சொட்டு சூட்டில் தெளிந்து, தந்துகிக் கவர்ச்சியில் தானாக உள்ளே ஊர்ந்தது.

அளவிடும் அறையில் நெட்வொர்க் அனலைசரின் புரோப் முனைகள் தங்கத்தில் இறங்கியபோது நுண்ணோக்கியில் சின்னக் கீறல் தெரிந்தது. சரியாகப் பதிந்ததற்கு அதுதான் அடையாளமாம். மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற, திரையில் கட்டக் கோணம் இறங்கியது. கொடுப்பது 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. நேர்மின்னோட்டம் கொடுத்தால் அயனிகள் ஒரு பக்கமாகக் குவிந்து கூட்டைக் கெடுத்துவிடும். நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கோணத்தோடு சேர்ந்து இழப்பும் மாறியது. படுத்த மூலக்கூறுகளைவிட நின்றவை அலையைக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. எனவே கற்றையைச் சாய்க்கும்போது சில ஆன்டெனாக்கள் ஓங்கியும் சில அடங்கியும் ஒலிக்கும். இதையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்காதவர் வரைந்த ஆன்டெனா, வேண்டாத திசைகளிலும் கதிரைச் சிதறடிக்கும்.

உண்மையான தாமதம் கொடுத்தால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே திசையில் போகும் என்பது தாமதக் கோட்டின் பெருமை. ஆனால் 32 ஆன்டெனா வரிசையில் கடைசி ஆளுக்கு 30 டிகிரிக்கான முழுத் தாமதம் கொடுக்க, முழுக்கத் திரவப் படிகம் நிரப்பிய கோடானால் 30 செ.மீ.க்கு மேல் வேண்டும். அவ்வளவு இழப்பு கட்டுப்படியாகாது. அதனால் ஒரு அலைநீளத்தோடு நிறுத்திக்கொண்டு மீதியைக் கழித்துவிடுகிறார்கள். அகன்ற அலைவரிசையில் கற்றை சற்றே பிசகுவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பார்த்ததை வைத்து என் கருத்து இது. நொடிக்குப் பல நூறு முறை கற்றையைத் திருப்ப வேண்டிய ரேடாருக்கு இந்தக் கோடு ஒத்துவராது. அங்கே சிலிக்கான் சிப்புகளே இருக்கட்டும். கூரைமேல் உட்கார்ந்து செயற்கைக்கோளை நிதானமாகப் பின்தொடரும் ஆன்டெனாவுக்கு இது போதும். டிவி கண்ணாடி செய்யும் தொழிற்சாலைகளின் முறையிலேயே இதையும் செய்துவிடலாம் என்பதால், எண்ணிக்கை பெருகினால் விலையிலும் கட்டுப்படியாகும்.