சண்டைக்காரர்கள் கூடிய ஊர்

வெள்ளி, இரவு

நாளை சதுரங்கப்பட்டினம். கே.கே. நகரிலிருந்து திருவான்மியூர் போய், கல்பாக்கம் வழியாகப் போகும் புதுச்சேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "மகாபலிபுரத்தையும் தாண்டி அங்கே அப்படி என்னதான் இருக்கு?" என்று வீட்டில் கேள்வி. டச்சுக்காரன் கோட்டை என்றேன். "வெயில்ல தொப்பி போட்டுக்குங்க" என்பதோடு பேச்சு முடிந்தது.

சனி

மீன்பிடி ஊர்தான். கடலோரம் படகு, வலை. பக்கத்திலேயே 1983-இல் முதல் உலை இயங்கத் தொடங்கிய அணுமின் நிலையம். நடுவில் செங்கல் கோட்டை. உப்புக்காற்று அரித்து அரித்து, சுவரில் விரல் வைத்தாலே செம்பொடி ஒட்டுகிறது. உள்ளே கிடங்கு, யானை மேல் ஏற ஒரு சாய்வு மேடை. யானை ஏறி எங்கே போயிருப்பார்களோ, நாலெட்டில் கடல்.

கல்லறைப் பகுதி பூட்டிக் கிடந்தது. காவலர் சாவியோடு வந்தார். "சார், செருப்பைக் கழட்டணும்னு இல்ல, ஆனா கல்லு மேல மிதிக்காதீங்க." 17, 18-ஆம் நூற்றாண்டுக் கற்கள், தரையோடு படுத்த பலகைகள். எழுத்தை வெட்டிக் குழித்திருக்கவில்லை. சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்து, எழுத்து புடைத்து நிற்கும்படி விட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் படித்துவிடலாம். மேலே குலச்சின்னம், ஓரத்தில் பூவேலை. செத்தபிறகும் கௌரவத்தை விடாத ஆட்கள்.

இந்தக் கௌரவத்துக்குக் காசு துணியிலிருந்து வந்தது. சதுரங்கப்பட்டினத்து மஸ்லின் அந்தக் காலத்தில் பேர்பெற்ற சரக்கு. சோழமண்டலக் கரையின் துணியைக் கொண்டுபோய் இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவதுதான் டச்சுக் கம்பெனியின் கணக்கு. கல்லில் அத்தனை பேர் இருக்கிறது, நெய்தவன் ஒருத்தன் பேர் இல்லை. எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

வரும் வழியில் மலைமண்டலப் பெருமாள் கோயில். நடை சாத்திவிட்டார்கள்.

ஞாயிறு

ஊரின் கதையில் எனக்குப் பிடித்தது கோட்டையல்ல, 1754 ஜனவரி. கர்நாடக நவாப் யார் என்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டிருந்த நேரம். டச்சுக்காரர் அதில் சேராதவர்கள். ஊரும் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். ஆகவே பேச்சுவார்த்தை இங்கே. மொகலாய அரசின் ஆணை என்று பிரெஞ்சுத் தரப்பு தாள்களை நீட்ட, எதிர்த்தரப்பு அதெல்லாம் போலி என்றது. பஞ்சாயத்து கலைந்தது. அதே வருடம் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் தூப்ளேயைப் பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது.

மறுபடி 1782 பிப்ரவரி 17. இந்தக் கரைக்கு அப்பால் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. வரலாற்று நூல்களில் அது 'சதுரங்கப்பட்டினம் போர்'. ஊருக்கும் போருக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவே!

பிற்பாடு ஆங்கிலேயர் பிடித்த ஊர் 1818-இல் டச்சுக்காரருக்குத் திரும்பியது. 1824 ஒப்பந்தப்படி அடுத்த ஆண்டே மறுபடி கைமாறியது. இருவரும் கையெழுத்திட்டது லண்டனில். இங்கிருந்த மீனவரையோ நெசவாளியையோ யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த முறை காலையிலேயே போய்ப் பெருமாளைப் பார்த்துவிட வேண்டும். வீட்டுக்காரியும் வருகிறாளாம், மீன் வாங்க.