கொம்பு இடம் மாறிய பெரியப்பா

பெரியப்பாவின் முதலாமாண்டு திதிக்கு இரண்டு வாரம் இருந்தது. கிள்ளான் வீட்டுக்குப் போனபோது பெரியம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்தார். உள்ளே கேசட்டுகள். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்த பெரியப்பா, ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டில் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

“நீதான் ரேடியோவுல இருக்கியே. திதி அன்னைக்கு எல்லாரும் கேக்கற மாதிரி பண்ணிக் குடு.”

கேசட் ஒலியைக் கணினியில் ஏற்றுவது எனக்குப் பழகிய வேலை. 31 துண்டுகள் தேறின. ஒவ்வொன்றிலும் அவர் படத்தின் மேல் ‘பெரியப்பா, தீபாவளி 1994’ என்பதுபோல் ஒரு வரி வர வேண்டும். 31 முறை கையால் செய்யச் சோம்பல். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளுக்கு ஒரு கட்டளையை எழுதிக் கொடுத்துவிட்டு, வந்த முதல் காணொளியைப் புலனத்தில் அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

“ஏன்யா, ‘பெ’வோட கொம்பு ‘ப’வுக்குப் பின்னாடி போய் ‘ரி’யை முட்டிக்கிட்டு நிக்குது? அவர் பார்த்திருந்தா சிவப்பு மையில வட்டம் போட்டிருப்பாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ழகரம் தவறினால் நேயர்கள் அழைத்துத் திட்டும் வேலையில் இருக்கிறேன். எனக்கு அரிச்சுவடி பிடித்துக் கொடுத்தவரின் படத்திலா எழுத்து உடைவது?

காரணத்தைத் தேடினேன். கையால் எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். கணினியோ முதலில் ‘ப’, பிறகு கொம்பு என்று சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அதை முன்னால் நகர்த்த ஒருவர் வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் செய்வது அந்த வேலை. ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. படத்தின் மேல் எழுதும் எஃப்எஃப்எம்பெக்கின் பகுதி, 2023 நவம்பரில் வந்த 6.1 பதிப்பில்தான் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. என் மடிக்கணினியில் இருந்த உபுண்டு 22.04 கொடுத்ததோ பழைய 4.4.

மூல நிரலை இறக்கி நானே தொகுப்பது என்று முடிவு செய்தேன். ஊடகக் கல்வி படித்தவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் மின்விசிறிக்குப் போட்டியாக மடிக்கணினி முக்கால் மணி நேரம் இரைந்தது. பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. கட்டளையைக் கொடுத்தால், எழுத்தெழுதும் வடிகட்டியே இல்லை என்றது. ஹார்ஃப்பஸ் வேண்டும் என்று நான் வெளிப்படையாகக் கேட்கவில்லை; அந்தப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கட்டிக் கொடுத்திருக்கிறது. பிழை என்று கத்தியிருந்தால்கூட முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

கேட்டுப் பார்த்தேன். இப்போது கத்தியது: ஹார்ஃப்பஸ் கிடைக்கவில்லை! அதே கணினியில் லிப்ரே ஆபிஸ் ‘பெரியப்பா’வை அழகாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் எப்படி? இணையத்தில் தேடி ‘எச்பி.எச்’ என்ற ஒற்றைக் கோப்பை இறக்கிப் போட்டேன். அதே பதில்.

மறுநாள் நிலையத்தின் தொழில்நுட்ப அண்ணனிடம் புலம்பினேன். தே தாரிக்கைக் கீழே வைக்காமலே கேட்டார்: “டெவ் போட்டியா?”

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பாடல் அலமாரியில் இருக்கிறது. ஆனால், என்ன பாடல், எத்தனை நிமிடம், எங்கே இருக்கிறது என்ற நிகழ்ச்சித் தாள் என் மேசைக்கு வரவில்லை என்றால் நான் ஒலிபரப்ப முடியாது. ஹெட்டர் கோப்புகள் அந்தத் தாள்கள். நூலகத்தில் என்னென்ன வேலைகள் உண்டு, எதற்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்பவை. ஓடிக்கொண்டிருக்கும் லிப்ரே ஆபிஸுக்கு அவை தேவையில்லை. புதிதாகத் தொகுப்பவனுக்குத் தேவை. அதனால் உபுண்டுவில் நூலகம் ஒரு பொதியாகவும், ஹெட்டர்கள் ‘டெவ்’ என்று முடியும் இன்னொரு பொதியாகவும் வருகின்றன. தாள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ‘பிசி’ கோப்பும் அந்தப் பொதியில்தான். நான் ஒற்றைத் தாளைத் திருடி வந்து போட்டும் வேலை நடக்காததற்கு அதுதான் காரணம்.

“திரையில வர்ற கடைசி வரிய மட்டும் நம்பாதடா. கன்பிக் லாக்கைத் திறந்து அடியில பாரு. எந்தக் கோப்பத் தேடித் தோத்துச்சுன்னு எழுதியிருக்கும்.”

எழுதியிருந்தது. ‘ஹார்ஃப்பஸ்.பிசி’யைக் காணோம் என்று அப்பட்டமாக. இரண்டு நாளாக அந்தக் கோப்பு என் மடிக்கணினியிலேயே கிடந்தது. லிப்ஹார்ஃப்பஸ்-டெவ் பொதியை நிறுவ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி கன்பிகர், மறுபடி முக்கால் மணி நேரம். இரவு ஒன்றரைக்குக் கொம்பு ‘ப’வுக்கு முன்னால் வந்து நின்றது. 31 காணொளிகளையும் ஒன்றுவிடாமல் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஞாயிறு காலை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளான் போனேன். படையல் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். திரையில் பெரியப்பா படம், மேலே பெயர், ஒலிபெருக்கியில் பக்கத்து வீட்டுப் பட்டாசோடு கலந்த அவர் குரல். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

“பேரு சரியா இருக்கு,” என்றார். “சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு.”