நாலு சக்கரமும் இழுக்கணும்: பழைய வண்டி தேடின கதை



நெல், மாடு, ஏரித் தண்ணின்னு எழுதற இடத்துல இன்னைக்கு ஒரு காரைப் பத்தி எழுதறேன். ரெண்டு மாசம் தேடி, போன ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினோம். "விவசாயிக்கு எதுக்குங்க இந்த வண்டி?"ன்னு சென்னை நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவரே மலையில கூடாரம் போட்டுத் தங்க இதே மாதிரி வண்டி தேடிட்டிருக்கார். அவர் மாதிரி தேடறவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

குளிர்காலத்துல வண்டி ஓட்டறதுன்னு யூடியூபில் தேடினால் பனிக்கட்டியில் சறுக்குற வண்டியைத்தான் காட்டுவாங்க. நம்ம ஊர் குளிர்காலம் வேற. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில ஆரம்பிச்சு மார்கழி, தைப் பனியில முடியும். நமக்குப் பனின்னா, விடியற்காலையில வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல முன்னாடி போற கண்டெய்னர் லாரியின் பின்விளக்குகூட தெரியாம மூடுற பனி. சறுக்கல்னா களிமண் சேறு.

எங்க வீடு வாலாஜாபாத்துக்கும் தென்னேரிக்கும் நடுவுல, தார் ரோட்டிலிருந்து ஒண்ணேகால் கிலோமீட்டர் உள்ளே இருக்கு. பாதை ஏரிக்கால்வாய் ஓரமா போற மண் பாதை. வெயில் காலத்துல ஆட்டோவே வரும். ரெண்டு நாள் மழை பெய்தால் பைக்கூட வராது. அம்மாவுக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். மழை பெய்யுதுன்னு அதைத் தள்ளிப்போட முடியாது. அதுக்கு முந்தின கார்த்திகையில ரெண்டு தடவை டிராக்டர் டிரெய்லர்ல நாற்காலி போட்டு உட்கார வச்சு, குடை பிடிச்சு, தார் ரோடு வரைக்கும் கொண்டு போனோம். அம்மா ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்தப்புறம், "இனிமே மழை பெய்தா விட்டுடுங்கப்பா, பரவாயில்ல"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் வண்டி தேட ஆரம்பிச்சோம்.

என் மச்சான் சென்னையில ஐடி வேலை. "மாமா, எப்படியும் வாங்கறீங்க. மலைக்கும் போற மாதிரி வாங்கிடுங்க. பொங்கல் லீவுக்குப் பசங்களைக் கூட்டிட்டு ஜவ்வாது மலை போலாம்"னு அவன் பங்குக்கு ஒரு ஆசையைச் சேர்த்தான். என்கிட்ட இருந்தது அஞ்சரை லட்சம்.

தேட ஆரம்பிச்சப்ப ஒரு விஷயம் சந்தோஷமா இருந்தது. நம்ம சுத்துவட்டாரத்திலேயே எத்தனை ஃபோர் வீல் டிரைவ் வண்டி பிறந்திருக்கு பாருங்க! ரெனோ டஸ்டர் ஒரகடத்துல செஞ்சது. ஃபோர்டு எண்டவர் மறைமலை நகர்ல செஞ்சது. மிட்சுபிஷி பஜேரோவைத் திருவள்ளூர்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில பூட்டினாங்க. இந்த மூணோட பழைய நாலு சக்கர மாடலும் நின்னுபோச்சு. எண்டவர், 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் செய்றதை நிறுத்தறோம்னு அறிவிச்சதோட முடிஞ்சது. நாலு சக்கர டஸ்டருக்கு டீசல் இன்ஜின் மட்டும்தான் இருந்தது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 விதி வந்ததும் அந்த டீசல் நின்னுது. புதுசா வாங்க முடியாது, பழசுதான் கிடைக்கும். அதனால விலையும் குறைவு.

ஃபோர் வீல் டிரைவ்னா என்னன்னு டிராக்டரை வச்சுச் சொல்றேன். டிராக்டர்ல பின் சக்கரம் ரெண்டும் இழுக்கும். ஒண்ணு சேத்துல மாட்டினா, அது மட்டும் சும்மா சுத்தும், கெட்டி மண்ணுல நிக்கிற இன்னொண்ணு அசையாது. எந்தச் சக்கரத்துக்கு எதிர்ப்பு கம்மியோ அந்தச் சக்கரத்தைச் சுத்த விடறது டிஃபரன்ஷியலோட குணம். அதுக்குத்தான் காலடியில ஒரு லாக் பெடல். மிதிச்சா ரெண்டு சக்கரமும் ஒண்ணா சுத்தும், வண்டி ஏறிடும். கார்லயும் இதே கணக்குதான். முன் சக்கரம் மட்டும் இழுக்குற கார் சேத்துல நின்னுடும். பின் சக்கரத்துக்கும் இழுவை போனா நகர்ந்துடும்.

இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஸ்கார்பியோ 4x4 மாதிரி வண்டிகள் லாரி மாதிரி சேஸிஸ் மேல நிக்கும். லோ கியர் இருக்கும். பாறை, செங்குத்து ஏத்தம், பாரம் இழுக்கறது எல்லாம் அதால முடியும். ஆனா காய்ஞ்ச தார் ரோட்டுல நாலு சக்கரத்தையும் பூட்டி ஓட்டக் கூடாது, உள்ளே கியர் முறுக்கிக்கும். டஸ்டர் இன்னொரு ஜாதி. சாதாரணமா முன் சக்கரம் இழுக்கும். ஒரு திருகு இருக்கு: டூ வீல், ஆட்டோ, லாக். ஆட்டோவுல வச்சா, முன் சக்கரம் வழுக்கினதும் பின்னாடி தானா இழுக்க ஆரம்பிக்கும். லோ கியர் கிடையாது, அதுக்குப் பதிலா முதல் கியரையே ரொம்ப அடி கியரா வச்சிருக்காங்க. தரையிலிருந்து வயிறு 210 மில்லிமீட்டர் உசரம்.

எண்டவரைப் பார்த்தேன், ஆசையாத்தான் இருந்தது. ஏழு பேர் உட்காரலாம், 800 மில்லிமீட்டர் தண்ணி வரைக்கும் தாங்கும்னு கம்பெனியே சொன்ன வண்டி. என் காசுக்கு எட்டல. எங்க பாதையில திரும்பறதுக்கு இடமும் பத்தாது.

ஸ்கார்பியோவா டஸ்டரான்னு முடிவு பண்ணினது அம்மாதான். ரெண்டையும் வீட்டு வாசல்ல நிறுத்தி ஏறச் சொன்னோம். ஸ்கார்பியோவுக்குப் படியில கால் வச்சு, மேல கம்பியைப் பிடிச்சுத் தொங்கி ஏறணும். டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களுக்கு அந்தத் தெம்பு இருக்காது. டஸ்டர்ல திரும்பி நின்னு உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வச்சுட்டாங்க. எங்க பாதை சேறுதானே தவிர மேடு இல்ல. லோ கியருக்கு வேலையே இல்ல. நண்பர்களுக்கு நான் சொல்ற முதல் விஷயம் இதுதான்: வண்டியால என்னவெல்லாம் முடியும்னு பார்க்கறதுக்கு முன்னாடி, அதுல தினமும் ஏறி இறங்கப் போறது யாருன்னு பாருங்க.

அடுத்து, பழைய வண்டியை எப்படிப் பார்த்தோம்னு சொல்றேன். வாலாஜாபாத்துல எங்க டிராக்டர் பார்க்கற மெக்கானிக் பாய் கூட வந்தார். நாலு வண்டி பார்த்ததுல மூணை அவர் வேண்டாம்னுட்டார்.

முதல்ல தண்ணி. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னையில எத்தனை கார் முழுகிச்சுன்னு உங்களுக்கே தெரியும். அதுல சிலது துடைச்சு, பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்திருக்கும். பாய் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தார். அடியில சேத்துக் கறை இருந்தா முடிஞ்சது கதை. மிதியடியைத் தூக்கி, சீட் தண்டவாளத்து ஸ்குரூ துரு பிடிச்சிருக்கான்னு பார்த்தார். ஸ்டெப்னி இருக்கற பள்ளத்துல வண்டல் இருக்கான்னு விரல் விட்டுத் தடவினார். ஒரு வண்டி வெளியே பளபளன்னு இருந்தது, ஸ்டெப்னி பள்ளத்துல காய்ஞ்ச சேறு. "கிளம்பலாம்ண்ணே"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

ரெண்டாவது, நாலு சக்கர இழுவை நிஜமாவே வேலை செய்யுதான்னு பார்க்கறது. பல வண்டியில முதல் ஓனர் அந்தத் திருகைத் தொட்டிருக்கவே மாட்டார். விக்கறவர் தார் ரோட்டுல ஓட்டிக் காட்டுவார், அதுல ஒண்ணும் தெரியாது. ஈர மண்ணு இருக்கற இடத்துக்குக் கொண்டு போய், லாக்ல போட்டு மெதுவா கிளப்பி, ஒருத்தர் வெளியே நின்னு பின் சக்கரத்தைப் பார்க்கணும். அப்புறம் வண்டியைத் தூக்கி, பின்னாடி போற ஷாஃப்ட், அதோட பூட், ஆயில் கசிவு பார்க்கணும். டஸ்டரோட டீசல் இன்ஜின் நிசான் டெரானோ, சன்னி, மஹிந்திரா வெரிட்டோ எல்லாத்துலயும் இருந்தது, அதனால இன்ஜின் சாமானுக்குக் கவலை இல்ல. பின் சக்கர இழுவைக்கான சாமான் அப்படி இல்ல. அது கெட்டிருந்தா வண்டியை விட்டுடறதே நல்லது.

மூணாவது டயர். நாலும் ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே தேய்மானமா இருக்கணும். முன்னாடி புதுசு, பின்னாடி வழுக்கைன்னா சக்கரம் சுத்துற கணக்கு மாறி, நடுவுல இருக்கற கப்ளிங்தான் அடிபடும். டயர் பக்கத்துல நாலு எண் இருக்கும், 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செஞ்சது. பட்டன் தேயாம இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருந்தா மழையில பிடிக்காது. நாங்க வண்டி விலையிலேயே நாலு புது டயருக்கான காசை ஒதுக்கிட்டோம்.

நாலாவது காகிதம். டெல்லியில பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டிக்குத் தடைன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதிலிருந்து, அந்தப் பக்கத்து வண்டிகள் விலை மலிவா தெற்கே வருது. வாங்கலாம். ஆனா தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு பண்ணி, தமிழ்நாட்டு வரியும் கட்டினப்புறம் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சுதுன்னு கணக்குப் போடுங்க. நாங்க உள்ளூர் வண்டியே எடுத்தோம். 2016 மாடல், காஞ்சிபுரம் டிஎன்-21 நம்பர், ஒரே ஓனர், 82,000 கிலோமீட்டர். பேரு மாத்தின கையோட இன்சூரன்ஸையும் மாத்திடுங்க, அதுக்கு 14 நாள்தான் கெடு.

கார்த்திகையில வண்டி வேலை செஞ்சது. ஆட்டோவுல வச்சு, ரெண்டாவது கியர்ல, நிறுத்தாம ஒரே சீரா ஓட்டினா பாதை முழுக்க வந்துடுது. அம்மா ஒரு டயாலிசிஸ்கூட தவறல.

தை மாசம் ஜவ்வாது மலையும் போனோம். செய்யாறு, ஆரணி, போளூர் வழியா ஜமுனாமரத்தூர். மச்சானுக்கு ஏமாற்றம்தான்: மலைப்பாதை முழுக்க நல்ல தார் ரோடு, நாலு சக்கரத்தைப் பூட்டவே இல்ல. இறங்கும்போது ரெண்டாவது கியர்ல இன்ஜினைப் பிடிக்க விட்டு, பிரேக்கைச் சூடாக்காம வந்ததுதான் உதவினது. தெரிஞ்ச சாமை விவசாயி ஒருத்தர் நிலத்துல அவர்கிட்ட கேட்டுக் கூடாரம் போட்டோம். 2018 மார்ச் 11 குரங்கணி தீயில அத்தனை பேர் போனதை மறந்துடாதீங்க. வனத்துறை அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள போகவே கூடாது. குளிருதுன்னு கூடாரத்துக்குள்ள கரி அடுப்பும் வைக்காதீங்க, அந்தப் புகை வாசனையே இல்லாம ஆளைக் கொல்லும். காவலூர் வான் ஆய்வுக்கூடம் அந்த மலையிலதான் இருக்கு. ஏன் அங்கே கட்டினாங்கன்னு ராத்திரி வானத்தைப் பார்த்ததும் பசங்களுக்குப் புரிஞ்சுது.

ஒரு எச்சரிக்கை. நாலு சக்கரமும் இழுக்குறது வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்தறதுக்கு உதவாது, பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலதான். தண்ணியிலயும் உதவாது. 2021 நவம்பர்ல பாலாறு வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலத்து மேல ஓடினதைப் பார்த்தவங்களுக்கு இது தெரியும். ஓடற தண்ணி ரெண்டடி இருந்தா போதும், எவ்வளவு பெரிய காரையும் தள்ளிடும். அன்னைக்கு சுத்தித்தான் போகணும்.

வண்டி வந்த அன்னைக்குப் பக்கத்து நிலத்துப் பெரியப்பா சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "அஞ்சரை லட்சத்துக்கு எத்தனை லோடு கிராவல் வரும் தெரியுமாடா?"ன்னு கேட்டார். அது மனசுல நின்னுடுச்சு. அந்தப் பாதையில பதினாலு வீடு இருக்கு. வண்டி எங்க ஒரு வீட்டுக்குத்தான். நவம்பர் 1 கிராம சபையில பதினாலு வீட்டுக் கையெழுத்தோட பாதைக்கு மனு குடுத்தோம், தீர்மானத்துல ஏத்தியிருக்காங்க. ஜனவரி 26 சபையில திரும்பவும் எழுந்து கேட்டோம். வேலை இன்னும் ஆரம்பிக்கல. அதுவரைக்கும் மழை ராத்திரியில யார் வீட்டுல அவசரம்னாலும் கூப்பிடுங்கன்னு எல்லார்கிட்டயும் என் நம்பரைக் குடுத்திருக்கேன். இதுவரைக்கும் மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க.

அடுத்த பதிவுல நவரைப் பயிரைப் பத்திப் பேசலாம்.