சோளக் கதிரும் கண்ணேறும்

எனக்குப் பத்து வயது நிரம்பிய ஆண்டில், எங்கள் தோட்டத்து லயத்தின் பின்புறம் வேலியோரமாக ஒரே வரிசையில் மக்காச்சோள விதைகளை ஊன்றினேன். பாட்டியார் நாள்தோறும் நீர் வார்த்தார். செடிகள் ஆளுயரம் வளர்ந்து கதிரும் விட்டன. ஆனால் கதிரை உரித்துப் பார்த்தபொழுது, மணிகள் கிழவியின் பல்லைப்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அடுத்த வீட்டுக் கைம்பெண் ஒருவர் மாலைதோறும் வேலியருகே நின்று அச்செடிகளைக் கண்டு மகிழ்வது வழக்கம். "அவள் கண் பட்டுவிட்டது" என்று பாட்டியார் முடிவு கட்டினார். அன்று முதல் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. யானும் அதனை நம்பினேன் என்பதை ஒளியாமற் சொல்லிவிடுகின்றேன்.

உண்மை யாதெனப் பல்லாண்டு கழித்தே அறிந்தேன். செடியின் உச்சியில் இருப்பது ஆண்பூ. இடையில் தோன்றும் கதிரே பெண்பூ. கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குரியது. மகரந்தம் காற்றில் வந்து அந்நூலிற் படிந்தாலன்றி அம்மணி உருவாவதில்லை. ஆண்பூவோ பெரும்பாலும் தன் செடியின் நூல் வெளிவருமுன்பே பொடியுதிர்க்கத் தொடங்கிவிடும். ஆதலின் அண்டைச் செடிகளின் துணை வேண்டும். நான்கைந்து வரிசைகளாக நெருங்க நடவேண்டும். என் ஒற்றை வரிசையின் மகரந்தத்தைக் காற்று அள்ளிச் சென்றுவிட்டது. குற்றம் நட்டவனுடையது.

மக்கா என்னும் அடைமொழியைக் கொண்டு இதனை அரபு நாட்டுப் பயிரென்று எண்ணுவாருளர். தென் மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தெயோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகட்கு முன் மக்கள் பண்படுத்திய பயிர் இது. 1492-இல் கொலம்பஸ் கூட்டத்தார் கியூபாவில் இதைக் கண்ட பின்னரே விதை ஐரோப்பாவுக்குச் சென்றது. அதைப் பேணியவர்களின் அறிவு உடன் செல்லவில்லை. மெக்சிகோ மக்கள் உலர்ந்த மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைத்தே ரொட்டி சுடுவர். அதனால் மணியிலுள்ள நியாசின் என்னும் சத்து உடலிற் சேரும். இவ்வழக்கை அறியாமல் சோளத்தையே பேருணவாகக் கொண்ட ஸ்பெயின், இத்தாலி நாட்டு ஏழைகளைப் பெல்லாக்ரா என்னும் நோய் பற்றிற்று. தோல் கறுத்து வெடிக்கும், வயிறு கழியும், சித்தம் கலங்கும். ஸ்பெயினில் காஸ்பர் கசால் 1735-இல் இதனைக் குறித்தார். அமெரிக்கத் தென் மாநிலங்களில் இதைத் தொற்று நோயென்று அஞ்சி நோயாளிகளை ஒதுக்கினர். 1914-இல் ஆராயத் தொடங்கிய ஜோசப் கோல்ட்பெர்கர், தொற்றன்று, உணவுக் குறையே காரணம் என்று காட்டினார். அங்கும் ஒதுக்கப்பட்டோர் குற்றமற்றவரே.

எம் பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியிற் சுண்ணாம்பு குறைந்ததே இல்லை. அதற்கும் சோளப் பானைக்கும் இப்படியோர் உறவுண்டென்று எங்களில் யார் கண்டார்! அரிசிச் சோறு உண்டு, சோளத்தைத் தின்பண்டமாகவே கொறித்தோமாதலின் எங்களுக்குத் தீங்கில்லை.

இவ்வாண்டு வீட்டின் பின்புறம் ஐந்து வரிசை நட்டேன். 70 நாள் கடந்து, பட்டு நூல் கருகியதும் ஒடித்தேன். மணிகள் இடைவெளியின்றி நிறைந்திருந்தன. காட்டுவதற்குப் பாட்டியார் இல்லை. அந்த அம்மையாரோ, முதற் சோளம் பொய்த்த ஆண்டின் இறுதியிலேயே வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்துவிட்டார். எத்தோட்டம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.