எல்லையூரில் ஒரு கீரைப்பாத்தி



பொள்ளாச்சியிலிருந்து கேரளத்தை நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால், தென்னந்தோப்புகளினூடே அரை மணி நேரத்தில் மீனாட்சிபுரத்தை அடைந்துவிடலாம். தமிழகத்திலிருந்து வரும் பால் வண்டிகளை நிறுத்தி, பாலின் தரத்தைச் சோதிக்கும் கேரள அரசின் சாவடி இங்கே உண்டு. மொழிக்கு மட்டும் சாவடி இல்லை. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் தோளோடு தோள் உரசி நடக்கின்றன. கொங்கு நாட்டார் அரசாணிக்காய் என்பதை மலையாளத்தார் மத்தங்ங என்பர். நாம் பொரியல் என்பது அவர்களுக்குத் தோரன். காய் ஒன்றே, கறியும் ஏறத்தாழ ஒன்றே.

இந்த எல்லைப்புறத்தில் ஒரு கீரைப்பாத்தி போடுவதும் எளிதன்று. கேரளம் என்றதும் ஓயாத மழைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பாலக்காட்டின் கிழக்கோரமாகிய சித்தூர் வட்டம் மழை குறைந்த பகுதி. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வரவேண்டும், உழவர்கள் அதை எதிர்பார்த்தே விதைக்கின்றனர். அருகேயுள்ள பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோக்கோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கிணறுகளைக் கெடுக்கிறது என்று மயிலம்மா என்ற பழங்குடித் தாயும் ஊராரும் 2002-இல் போராடத் தொடங்கினர். 2004-இல் ஆலை நின்றது. ஒரு குடம் தண்ணீரின் விலையை அறிந்த மண் இது.

இத்தகைய நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோட்டமும் சமையலும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேரளத்துப் பள்ளிகள் பலவற்றில் வளாகத்திலேயே காய்கறி பயிரிடுகின்றனர். வெண்டை, பயறு, கத்தரி, கீரை ஆகியவை மதிய உணவுக்கே போய்ச் சேருகின்றன. விதைக்கும் ஆலோசனைக்கும் ஊராட்சிதோறும் கிருஷி பவன் இருக்கிறது. ‘கிரியேட்டிவ் கார்னர்’ என்னும் திட்டத்தில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் வேளாண்மையையும் சமையலையும் கைப்பழக்கமாகவே கற்கின்றனர். 2024-இல் வெளிவந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தந்தை தேங்காய் துருவும் படமே இடம்பெற்றது. சமையல் பெண்பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல என்று ஆண்பிள்ளையும் அறியட்டும் என்பதே கருத்து.

ஆனால் ஆசிரியர்களால் மட்டும் இது நடவாது. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி பூட்டிக் கிடக்கும். பாலக்காட்டு வெயிலோ 40 டிகிரியைத் தொடும். அந்த அறுபது நாட்களும் பாத்திக்கு நீர் ஊற்றுவது யார்? பள்ளிக்கு அடுத்த வீட்டுத் தாத்தா ஊற்றினால்தான் ஜூன் மாதத்தில் முருங்கை உயிரோடிருக்கும். மதிய உணவிலோ 500 பிள்ளைகள் வரை ஒரே சமையலாளர் என்பது அங்கு நெடுங்காலம் இருந்துவந்த விதி. பிள்ளைகள் கத்தி பிடிக்கக் கற்கும்போது அருகில் நிற்க ஒரு தாய் வேண்டும். எந்த மாதத்தில் எந்த விதை, எந்தக் கீரையை எவ்வளவு நேரம் வதக்குவது என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களின் கையில் இருக்கிற கல்வி அல்லவா?

இங்கே ஒரு மனக்கசப்பையும் மறைக்கலாகாது. “நாங்கள் மண்ணில் உழன்றது போதும், பிள்ளையாவது படிக்கட்டும் என்றுதானே பள்ளிக்கு அனுப்பினோம்?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. 1953-இல் ராஜாஜி அரசு, அரை நாள் பள்ளி, மறு அரை நாள் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று மக்கள் கொதித்தெழ, 1954-இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. உழவன் மகன் மட்டும் மண்வெட்டி பிடிப்பது குலக்கல்வி. அதிகாரியின் மகளும் கூலியாளின் மகனும் ஒரே பாத்தியைக் கொத்தி, ஒரே சட்டியில் சமைத்து, ஒரே வரிசையில் உண்பது வேறு. 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சத்துணவுப் பணியாளர் சமைக்கக் கூடாது என்று சிலர் தடுத்ததை நாம் மறந்துவிடவில்லை. சேர்ந்து சமைத்து உண்ட பிள்ளைகள் வளர்ந்தபின் அப்படித் தடுப்பது கடினம்.

இது புதிய முயற்சியும் அன்று. 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தியடிகள் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் வேலைக்காரர் எவரும் இல்லை. அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளும் ஆசிரியர்களுடன் சேர்ந்தே மண்ணைக் கொத்தினர். மெல்போர்ன் நகரத்துக் காலிங்வுட் பள்ளியில் ஸ்டெஃபனி அலெக்சாந்தர் என்ற சமையற்கலைஞர் 2001-இல் தோட்டமும் அடுக்களையும் தொடங்கினார். அங்கும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே பிள்ளைகளுக்குத் துணை நின்றனர்.

சொந்த ஊரை விட்டு நகரத்தில் குடியேறியிருக்கும் வாசகரே! உங்கள் பிள்ளை அரிசியைக் கடையில் கண்டிருப்பான், நெற்கதிரைக் கண்டிருப்பானா? ஊரிலிருந்து வந்த உங்கள் தாயார் அடுக்குமாடி வீட்டில் பேச்சுத்துணையின்றி அமர்ந்திருக்கலாம். அவர் அறிந்த கீரைகளின் பெயர்கள் அவரோடு முடிந்துவிட வேண்டுமா? தெருமுனைப் பள்ளியின் தலைமையாசிரியரைச் சந்தித்து, வாரத்தில் ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லுங்கள். கை கழுவும் நீர் வீணாகும் இடத்தில் ஒரு வாழைக்கன்று நடலாம். பழைய வாளியில் தண்டுக்கீரை விதைக்கலாம். மூன்று நான்கு வாரங்களில் பிள்ளைகள் அதைப் பறித்து, கழுவி, உங்கள் தாயார் அருகிருக்கத் தாங்களே கடைவார்கள். அன்று மதியம் கீரை வேண்டாம் என்று தட்டை ஒதுக்கும் பிள்ளை எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.